பாதிக் கிழிசல்காரி

ஜூன் 4, புதன்

வலது கையால் தலை சீவ முடியவில்லை. அக்காவுக்கும் அதே கதை. அக்கா என்றால் ஓரகத்தி. கூப்பிட்டுக் கூப்பிட்டு, உடன்பிறந்தவளிடம் வருகிற அத்தனை பொறாமையும் அவளிடம் வந்துவிட்டது. எங்கள் சலவைக்கடையில் ஈரமூட்டையைத் தூக்குவதும், விடுதி விரிப்புகளை உயரக் கொடியில் போடுவதும் நாங்கள் இருவரும்தான். ஆண்களுக்கு வேன், டெலிவரி.

இன்று இருவரையும் ஒன்றாக ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். குழாய்க்குள் படுத்துக்கொண்டு, ஏதாவது தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் நடிப்புக்காரி என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

ஜூன் 6, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. மூத்தவர் (இவருடைய அண்ணன்) கூடத்தில் உட்கார்ந்து, பரீட்சை மார்க் வாசிப்பதுபோல் இரண்டையும் வாசித்தார். புரியாத சொல்லையெல்லாம் போனில் தட்டிப் பார்த்தார். தோள்மூட்டைச் சுற்றி நான்கு தசைநார்கள் இருக்கின்றனவாம். கையைத் தூக்குவதும் திருப்புவதும் அவை செய்கிற வேலையாம். மேலே இருக்கிற நாரில்தான் இருவருக்கும் கிழிசல். அக்காவுக்கு முழுத் தடிமன். எனக்குப் பாதித் தடிமன், கூடவே பக்கத்தில் இருக்கிற ஏதோ பையில் வீக்கம்.

“முழுசா கிழிஞ்சிருச்சா!” என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தார். அத்தை அப்படி யாருக்காகவும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

இவர் என் பக்கம் திரும்பி, “உனக்குப் பாதிதான். தப்பிச்ச” என்றார். முகமெல்லாம் சந்தோஷம். எனக்குப் பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 9, திங்கள்

அக்கா இனி கல்லாவில். மெத்தை போட்ட நாற்காலி, பக்கத்தில் மின்விசிறி. துணியை வாங்கி ரசீது போட்டால் போதும். மூட்டை மொத்தமும் என் தலையில்.

“உனக்குப் பாதிதானேம்மா, கொஞ்ச நாளைக்குப் பாத்துக்க” என்றார் அத்தை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே இரண்டு மருமகள்களுக்குள்ளேயே மண்குடம், பொன்குடம்!

ஜூன் 10, செவ்வாய்

கல்லாவுக்குப் பழச்சாறு வந்தது. ஒரே ஒரு டம்ளர்.

ஜூன் 13, வெள்ளி

வலப் பக்கம் படுக்க முடியவில்லை. சட்டைக் கைக்குள் கையை நுழைக்க இவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

“பாதிக்கே இவ்வளவா? அண்ணி முழுசையும் வச்சுக்கிட்டுப் பேசாம இருக்காங்க பாரு.”

பேசாமல் இருக்க மாட்டாளா? நாற்காலி, காற்று, பழச்சாறு — எனக்குக் கொடுத்துப் பாருங்கள், நானும்தான் பேசாமல் இருப்பேன்! இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று ஈரமூட்டையை வேண்டுமென்றே வலது கையால் வெடுக்கென்று இழுத்தேன். மீதிப் பாதியும் கிழிந்து தொலையட்டும் என்றுதான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அந்த மூக்கறையன் நானேதான். கண்ணில் பொறி பறந்தது. கிழிந்ததா, தெரியாது. இன்னொரு ஸ்கேன் கேட்டால் இவர் சிரிப்பார்.

எனக்கு என்ன ஆகிவிட்டது? நகையைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் உண்டு. ஒருத்தியின் கிழிசலைப் பார்த்தா?

ஜூன் 20, வெள்ளி

அக்காவுக்குப் பிசியோதெரபி. துணைக்கு என்னை அனுப்பினார்கள் — துணைக்கு! என் ரிப்போர்ட்டையும் பையில் செருகிக்கொண்டு போனேன்.

பிசியோ பெண் எங்கள் இருவரையும் கையைத் தூக்கச் சொன்னாள். அக்காவின் கை காதை ஒட்டிப்போய் நின்றது. என் கை தோள் உயரத்தைத் தொடுவதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

“இவங்களுக்குத்தானேங்க முழுசு?” என்று கேட்டேன்.

“முழுத் தடிமன்னா நாரு ரெண்டா அறுந்துபோச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். விரிப்புல ஓட்டை விழுந்தா அது கொடியில தொங்காதா? இவங்களோடது சின்ன ஓட்டை, பழசு. சுத்தி இருக்கற தசை சமாளிச்சுக்குது. உங்களோடது பாதிதான், ஆனா வீக்கம் ரொம்ப இருக்கு. ஸ்கேன் கிழிசலைக் காட்டும். வலியைக் காட்டாது.”

அக்கா லேசான வேலை செய்யலாம். நான் எதையும் தூக்கவே கூடாது. நான்!

மாடிப்படியில் இறங்கும்போது விசில் அடிக்காத குறைதான். பேருந்தில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்ல சொல்லாதடி. கல்யாணமாகி வந்ததுலேருந்து இப்பதான் கொஞ்சம் உக்காந்திருக்கேன்.”

“அதுக்கு நான் நிக்கணுமா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது போட்டு உடைத்தேன்.

ஒருத்தரும் நம்பவில்லை. மூத்தவர் எழுந்துபோய் ரிப்போர்ட்டை எடுத்து வந்து, “முழுசுன்னு எழுத்துலயே இருக்கே?” என்றார். அத்தை, “பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமா? அவ தோளு கிழிஞ்சதுக்குப் போயா பொறாமைப்படுவ?” என்றார். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அப்படிச் சுட்டது.

அப்போது அக்கா எழுந்தாள். அலமாரி உச்சியில் இருந்த பெரிய அண்டாவை வலது கையால் எட்டி எடுத்து, அத்தைக்கு முன்னால் வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

நாற்காலி எனக்கு வந்தது. அக்கா மூட்டைக்குப் போய்விட்டாள். ஜெயித்தாயிற்று, இல்லையா?

அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்: “பெரியவளுக்குத் தோளு முழுசா கிழிஞ்சிருக்கு. அப்பவும் வேலையை விடாம பாக்கறா.” சீருடை வாங்க வந்த தபால்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, அவளைக் கும்பிடாத குறை. என்னைப் பார்த்து, “உங்களுக்கென்னம்மா, காத்தாட உக்காந்திருக்கீங்க” என்றார்.

அவள் உட்கார்ந்தால் பாவம். அவள் நின்றால் தியாகம். நான் என்ன செய்தாலும் பாதி.

ஜூலை 2, புதன்

அக்கா இடது கையால் சாப்பாடு பரிமாறினாள். யாருக்கும் கண்ணில் படவில்லை. எனக்குப் பட்டது, அந்தத் தந்திரமெல்லாம் எனக்கு அத்துப்படி.

லேசான வேலை என்றுதானே பிசியோ பெண் சொன்னாள்? ஈரமூட்டை எந்த ஊரில் லேசு? அன்றைக்கு எனக்குச் சாதகமானது மட்டும் என் காதில் விழுந்திருக்கிறது. சின்ன ஓட்டை பெரிதானால்?

வாயைத் திறந்தால் நாற்காலி போய்விடும். இன்று திறக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

கொடிக்குக் கீழே அவளை மடக்கினேன்.

“வலிக்குதா?”

“உனக்கென்ன, போய் உக்காரு.”

“அக்கா, வலிக்குதான்னு கேட்டேன்.”

கையிலிருந்த விரிப்பைக் கூடையில் போட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. யாருக்குக் கை தூக்க வருகிறது?

மூக்கைச் சிந்திவிட்டு அவள்தான் கேட்டாள்: “ஏன்டி, தூக்கறதுக்கு இந்த வீட்ல வேற தோளே இல்லையா?”

ஏன் இல்லை? நல்ல தோளாக நான்கு இருக்கின்றன. வேனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகின்றன. இத்தனை நாளாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

ஜூலை 7, திங்கள்

இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்து, இனி மூட்டை ஆண்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டோம். அக்கா சொன்னாள், நான் ஆமாம் போட்டேன். இவர் முதலில் சிரித்தார். விரிப்பு எங்கே என்று விடுதியிலிருந்து போன் வந்ததும் சிரிப்பு நின்றது.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் கடைக்குள்ளிருந்து “அம்மா!” என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், மூத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். மூட்டை தூக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அத்தை வெந்நீர்ப் பையோடு ஓடி வந்தார். இவர் தைலத்தோடு ஓடி வந்தார். திங்கட்கிழமையிலிருந்து மூட்டைக்கு ஆள் போட வேண்டும், இது மனுஷன் தூக்குகிற பாரமா என்று, நின்ற இடத்திலேயே முடிவாகிவிட்டது.

முழுசா, பாதியா என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஸ்கேன் என்ற பேச்சே எழவில்லை.

நானும் அக்காவும் கல்லா ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். அவள் முகம் கடுகு போட்டால் பொரிந்துவிடும்போல் இருந்தது.

“எனக்கு வயிறு எரியுதுடி” என்றாள், உதடு அசையாமல்.

“பாதியாக்கா, முழுசா?”

அவ்வளவுதான். அவளுக்கு முதலில் பொத்துக்கொண்டு வந்தது, பிறகு எனக்கு. அடக்க அடக்கத் தோள்தான் குலுங்கி வலித்தது.

அத்தை திரும்பி முறைத்தார். “ஒரு மனுஷன் வலியில துடிக்கறான். உங்களுக்கு என்னடி சிரிப்பு?”