தப்பிப்போன மாப்பிள்ளை

1938 ஆவணி, ஞாயிறு இரவு
வெள்ளவத்தை

வெட்கம்தான், இன்றைக்கு இரண்டு தரம் பவுடர் பூசினேன். குமரியாக இருந்தபோது எனக்குப் பேசி, சாதகம் பொருந்தாமல் விட்டுப்போன கொட்டாஞ்சேனை மாப்பிள்ளை, தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார். புருசனோடு சண்டை வந்த நாளெல்லாம் அவரை நினைத்து ஏங்கியவள் நான். தலை நரைத்தும் அது விடவில்லை.

எள்ளுருண்டை கொடுத்தேன். வந்தவர் பொய்ப்பல்லைக் கழற்றி, நாங்கள் தண்ணீர் குடிக்கிற செம்புக்குள் விட்டு அலசினார்.

“ஒட்டிப்போட்டுது, தங்கச்சி.”

“பல்லுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தட்டே, அண்ணை?”

“ஓம், சீனி குறைச்சு.”

சீ! செம்பைப் புளி போட்டுத் தேய்த்தும் குமட்டல் நிற்கவில்லை. இந்த வாய்க்காகவா இத்தனை வருசம் ஏங்கினேன்? ஏக்கம் மட்டும் நின்றுவிட்டது.

இரவு என் புருசனுக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தேன். அவர் என் முகத்தை ஆச்சரியமாகப் பார்த்தபடியே முள்ளை விழுங்கிவிட்டார். வாழைப்பழம் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறேன்.