சத்தமில்லாத பதினொரு விநாடி

அன்புள்ள அக்காவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால், என் மகன் எழிலன் காதுகுத்து வீடியோவின் லிங்க்கை மாமாவின் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் போனால் ஃபைல் சுருங்கி முகமெல்லாம் மங்கிவிடுகிறது. அதனால் எடுத்த அளவிலேயே ஏற்றினேன். செஞ்சி நெட்டில் அது ஏறி முடிக்க ஒரு பகல் ஆனது. லிங்க்கைத் தொட்டதும் ஓடுவதைப் பார்க்காதே, அது தரம் குறைந்தது. டவுன்லோட் செய்து டிவியில் போடச் சொல்.

நைனா காரியத்தன்று நீ கேட்டாய்: "எனக்குன்னு நைனா ஒண்ணுமே சொல்லலியாடா?"

"வீடியோ முழுக்கப் பாத்துட்டேன், அப்டி ஒண்ணும் இல்ல" என்றேன்.

அது தப்பு. எடிட் செய்யும்போது சத்தமில்லாத இடங்களை வெட்டிவிடுவது என் பழக்கம். நைனா கேமராவைப் பார்த்தபடி சும்மா நிற்கிறார் என்று நினைத்து, பதினொரு விநாடியை வெட்டிவிட்டேன். போன வாரம் பழைய ஃபைலைத் திறந்தேன். அவர் உதடு அசைகிறது. உனக்குக் காது கேட்காமல் போனதிலிருந்து அவர் உன்னிடம் அப்படித்தானே பேசுவார், குரலே இல்லாமல்? காதுகுத்துக்கு நீ வர முடியாததால் கேமராவிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை எதையும் வெட்டவில்லை. மங்கலான காப்பியில் உதடு தெரியாது, அதற்குத்தான் இத்தனை பாடு.

நான் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. உன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் உதடு படிக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

உனக்குச் சொன்னது உன்னோடு இருக்கட்டும். அதில் என் பேர் வருகிறதா என்று மட்டும் சொல்.

உன் தம்பி