அக்கா எழுதிய ஒரு பக்கம்

அக்கா,

இன்று காலை பிடோக்கில் நீ இருந்த பழைய அடுக்குமாடி புளோக் வழியாக நடந்தேன். கீழ்த்தளத்துப் பாலர் பள்ளியிலிருந்து பச்சைப்பயறு கஞ்சி வாசம். தேங்காய்ப்பாலில் பாண்டான் இலை கொதிக்கிற அதே வாசம். கால் நின்றுவிட்டது. கண்ணாடி வழியே பார்த்தால் உன் வயதில் ஒரு அம்மா, கழுத்தில் பயிற்சி ஆசிரியர் அட்டை, சுற்றிலும் பிள்ளைகள். தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது வருடம் அந்தப் பள்ளிச் சமையலறையில் கஞ்சி காய்ச்சியவள் நீ. தொடக்கநிலை ஆறோடு உன் படிப்பு நின்றது; நான் பாலிடெக்னிக் வரை போனேன். அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. பிள்ளைகள் தட்டை வைத்துவிட்டு உன்னிடம் கதை கேட்டு நிற்பதைப் பார்த்த தலைமையாசிரியைதான், வேலை பார்த்துக்கொண்டே தமிழாசிரியர் பயிற்சிக்குப் போகலாம், அதிகம் படிக்காதவர்களுக்கும் இப்போது இடம் உண்டு என்று விண்ணப்பத்தைத் தந்தார். ஃபேரர் பார்க்கில் நாம் வழக்கமாகத் தோசை சாப்பிடும் கடைக்கு அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தாய். ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதியிருந்தாய். “சரியா இருக்கான்னு மட்டும் பாருடா. அப்படியே அனுப்பிரு,” என்றாய்.

நான் கேட்டேனா? படித்த திமிர். தமிழில் எழுதினால் இந்த ஊர் ஆபீஸில் எவன் படிப்பான், ஆங்கிலத்தில் நன்றாக மாற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பிறகு ஓவர்டைம், மகளின் தேர்வு. மூன்று வாரம் என் பையிலேயே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாதி மாற்றியபோதுதான் விண்ணப்பத்தை ஒழுங்காகப் படித்தேன். அந்தக் கேள்விக்குக் கீழேயே, தமிழில் எழுதவும் என்று இருந்தது. அனுப்ப வேண்டிய கெடு முந்தைய வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது.

உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தடவை இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாய். “ஆறாவதோட நின்னவ எழுதினா அப்படித்தான் இருக்கும் லா. பரவால்ல, அடுத்த தடவை இன்னும் நல்லா எழுதுறேன்.”

அடுத்த சேர்க்கை வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அங்கேயும் என்னை ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்லி, ஊசி குத்தாத கையால் எழுதிப் பழகினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி நான், பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நீ வீடு திரும்பவே இல்லை.

நீ முதலில் எழுதிய அந்த ஒரு பக்கம் அதே உறையில் இன்னும் என் பையில் இருக்கிறது. தினமும் அதோடுதான் ரயில் ஏறுகிறேன். ‘பிள்ளைகள் என்னிடம் இன்னொரு கரண்டி கஞ்சி கேட்பதில்லை, இன்னொரு கதைதான் கேட்கிறார்கள்’ என்று தொடங்கியிருந்தாய்.

அக்கா, அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நீ எழுதியதை என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை. அதில் மாற்றுவதற்கு ஒரு சொல்கூட இல்லை.