நானூறு கிலோஹெர்ட்ஸ்

14 நவம்பர் 2006, செவ்வாய். ஸ்டுட்கார்ட்.

மெமரி கார்டை எழுப்பும்போது கடிகார வேகம் நானூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. கார்டு பதில் சொன்ன பிறகுதான் கூட்டலாம். கார்டை இயக்கும் டிரைவர் நிரலில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். எங்கள் கருவி சீக்கிரம் பூட் ஆகட்டும் என்று போன வாரம், கூட வேலை பார்க்கும் செந்தில் என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து எடுத்த எடுப்பில் முழு வேகம் வைத்தான். "புது கார்டெல்லாம் ஓடுதுடா, விடு" என்றான். விட்டேன்; அது என் தப்புதான்.

இன்று வாடிக்கையாளரின் பழைய கார்டுகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. மாற்றியது யார் என்று மேலாளர் ஜெர்மனில் கேட்டார். நிரலின் மாற்றப் பதிவில் என் பெயர் இருந்தது. செந்தில் கூசாமல் ஜெர்மனிலேயே சொன்னான்: இவன்தான் மாற்றினான், நான் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் சாய்ந்து, "கவலப்படாதடா, நான் பேசி சரி பண்ணிட்டேன்" என்றான்.

தலையாட்டினேன்.

ஐந்து மாதமாக நான் மாலை வகுப்பில் ஜெர்மன் படிப்பது அவனுக்குத் தெரியாது. அவன் பிறந்தநாளன்று எல்லோர் முன்னாலும் ஜெர்மனில் பேசி அவனை அசத்த நினைத்திருந்தேன். முதல் வாக்கியம் மனப்பாடமாகிவிட்டது: இவன் என் நண்பன்.