பரிசுத்த ஆவி பாடம்

வெள்ளிக்கிழமை, இரவு

வடக்கனந்தல் ஜெபவீட்டில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இன்று பரிசுத்த ஆவியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். ஆவி என்றால் பேய் இல்லை. தேற்றரவாளன் என்று அவருக்குப் பெயர். துக்கத்தில் நம்மைத் தேற்றுகிற கடவுள், கண்ணுக்குத் தெரியாமல் கூடவே இருப்பார் என்றேன்.

கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் வரும் செல்லியின் முகம் மலர்ந்தது. போன மாதம்தான் கணவனைப் பறிகொடுத்தவள்.

"ஆமாங்கக்கா. சாயந்தரமானா பக்கத்துல வந்து குந்திக்கினு, 'அழாத, கூடவே இருக்கேன்'னு சொல்றாரு."

"யாரு?"

"எங்க வூட்டுக்காரருதான்."

"அது ஆவியானவர் இல்ல செல்லி. செத்தவங்க வந்து பேசமாட்டாங்க" என்றேன்.

அவள் முகம் வாடிப்போனது. "அப்ப அங்க பேசறது யாருங்க?"

"நாளைக்கு உன் வூட்டுக்கு வந்து ஜெபம் பண்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

பஸ் ஏறப்போனவள் தயங்கித் திரும்பினாள். "வராதீங்கக்கா. உங்கள இட்டுக்கினு வரக்கூடாதுன்னு நேத்தே சொல்லிட்டாரு."

நேற்று அங்கே போகும் எண்ணமே எனக்கு இல்லை.

ஜெபித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன். அவளைத் தனியாக விட முடியாது.