கொடிக்காரரின் விடுமுறை

ஆகஸ்ட் 17

அன்புள்ள கோபக்காரிக்கு,

போனில் பேசினால் ஹலோவுக்கு அடுத்த வார்த்தையே சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் நலம். பாப்பாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா?

சுதந்திர தினத்தன்று மில்லில் என் மானம் கப்பலேறியது. வழக்கம்போல் நான்தான் கொடிக்குள் பூ வைத்து மடித்து முடிச்சுப் போட்டேன். மேலே ஏற்றியாயிற்று. மேனேஜர் கயிற்றைச் சுண்டுகிறார், கொடி விரியவில்லை. மறுபடி சுண்டுகிறார். மொத்த மில்லும் அண்ணாந்து நிற்கிறது. கடைசியில் கீழே இறக்கி, நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். என் சர்வீஸில் இப்படி நடந்ததே இல்லை. கயிறு புதுசு, அதுதான் காரணம்.

உன் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 25

அன்புள்ள கொடிக்காரருக்கு,

கயிற்றின் மேல் பழி போடாதீர்கள். மனசு சரியில்லை என்றால் நீங்கள் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவீர்கள். வீட்டில் தலையணை உறையை வைத்து நீங்கள் பழகும்போதெல்லாம், பூவுக்குப் பதிலாகக் காகிதம் கிழித்துக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

சுதந்திர தினம் பற்றி நாலு வரி எழுதச் சொன்னாராம் டீச்சர். பாப்பாவின் முதல் வரி: "சுதந்திர தினம் என்பது அப்பா வீட்டில் இல்லாத நாள்." டீச்சர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். எனக்கு அடிக்கத் தோன்றவில்லை.

போன குடியரசு தினத்தில் அவள் பள்ளியில் பாடினாள். வருகிறேன் என்றீர்கள். கொடி ஏற்றி முடிந்தும், மைக்செட், நாற்காலி என்று சாயங்காலம்வரை மில்லிலேயே கிடந்தீர்கள். அன்றைக்கே எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நான் அண்ணன் வீட்டுக்கு வந்ததற்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

அக்டோபர் 3

அன்புள்ள கோபக்காரிக்கு,

நேற்று காந்தி ஜெயந்தி. மில்லுக்கு லீவு, கொடியேற்றமும் கிடையாது. உங்களைப் பார்க்கக் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். உங்கள் ஊர் பஸ்ஸும் தயாராக நின்றது. எந்த முகத்தோடு வருவது என்று திரும்பிவிட்டேன். வீட்டில் பழக்க தோஷத்தில் மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டேன்.

மில்லில் லேத் ஓட்டும் டர்னருக்குக் கொடி முடிச்சுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகஸ்டில் கீழிருந்து ஏற்றுகிறோம், ஜனவரியில் மட்டும் ஏன் முதலிலேயே மேலே கட்டிவைக்கிறோம் என்று கேட்டார். "சுதந்திரம் அன்னிக்குத்தான் வந்துச்சு, அதனால ஏத்தணும். குடியரசு ஆனப்போ கொடி ஏற்கெனவே மேலதானே பறந்துச்சு, விரிச்சுவிட்டா போதும்" என்றேன். சொல்லிவிட்டு, நமக்குள்ளும் முடிச்சு அவிழ்ந்தால் போதுமே என்று உன்னை நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஜனவரி 12

அன்புள்ள கொடிக்காரருக்கு,

பாப்பாவின் பள்ளியிலேயே எனக்கு ஆயா வேலை கிடைத்திருக்கிறது. குடியரசு தினத்துக்குக் கொடி கட்ட யாருக்குத் தெரியும் என்று தலைமையாசிரியை கேட்டார். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பாப்பா அன்றைக்கு மேடையில் பேசுகிறாள். எனக்கு வேலை இருக்கும், பக்கத்தில் நிற்க முடியாது. முடிந்தால் நீங்கள் வாருங்கள். வந்தால் பெற்றோர் கூட்டத்தில் நில்லுங்கள். கொடிக்கம்பத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

ஜனவரி 28

அன்புள்ள கொடிக்காரருக்கு,

பதில் போடாமல், மில் கொடியை டர்னரிடம் விட்டுவிட்டு நேரில் வந்து நின்றீர்கள். பிறகு ஷிப்ட் என்று ஓடிவிட்டீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

தலைமையாசிரியை கயிற்றைச் சுண்டியபோது எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள், நீங்கள் முடிச்சைப் பார்த்தீர்கள். விரிந்ததும் முதலில் கை தட்டியது நீங்கள்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் மைக் கரகரக்கிறது, நாற்காலி போதவில்லை என்று ஓடியதில் பாப்பாவின் பேச்சில் பாதி என் காதில் விழவில்லை. உங்கள் கஷ்டம் கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

பேசி முடித்துவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்தாள். "அம்மா, இன்னிக்கு நிஜமாவே குடியரசு தினம்தானா? அப்பா வந்திருக்காரே!"

பரீட்சை முடிந்ததும் வந்து எங்களைக் கூட்டிப்போங்கள். ஆகஸ்டில் கொடியை நீங்களே கட்டுங்கள். நாற்காலியை டர்னர் எடுத்துவைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி