கனமான அயர்ன் பெட்டியும் உன் கோணல் வரிசையும்

இன்று காலை, ஈரம் தெளித்த பருத்தித்துணி மேல் அயர்ன் பெட்டியை வைத்தேன். சோறு வடிக்கும்போது எழுமே, கிட்டத்தட்ட அந்த வாசம். உடனே உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நாளை உன் அக்கா குழந்தைக்கு முப்பதாம் நாள் விசேஷம். நாம் இருவரும் அவனுக்காகத் தைக்கத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வையில், நீ தைத்த கடைசி வரிசை மட்டும் நேராகாமல் இருந்தது.

சிம்பாங் அம்பாட்டில் நாம் அயர்ன் பெட்டி வாங்கிய கடை நினைவிருக்கிறதா? அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டிருந்ததையெல்லாம் வாசித்து, நீராவி வரும் லேசான பெட்டியை நான் தேர்ந்தெடுத்தேன். நீயோ ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாய்.

“என்னாம்மா, அயர்ன் வாங்க வந்தீங்களா, ஜிம்முக்கு வந்தீங்களா?” என்றார் கடைக்கார அங்கிள்.

“கனமா இருந்தா அதுவே அழுத்திக்கும் அங்கிள். நம்ம கை சும்மா இருக்கலாம் லா.”

“அப்ப நீராவிக்கு என்ன செய்யுறது?” என்று நான் கேட்டேன்.

“தண்ணி தெளிக்கக் கை இல்லியா ஒனக்கு?”

அடியில் ஒரு துளைகூட இல்லாத கனமான பெட்டியோடு வீடு திரும்பினோம். உன் அம்மா ரவிக்கை தைத்து மிஞ்சிய துணியில் வெட்டிய சதுரங்களை, பள்ளிச் சீருடையைத் தேய்ப்பதுபோல் நான் முன்னும் பின்னும் தேய்த்தேன். சதுரமெல்லாம் சாய்ந்து போயின.

“ஏய், ரொட்டி சானாய்க்கு மாவு வீசுறியா? இழுத்துக்கிட்டே போற!” என்றாய்.

அன்றிலிருந்து பெட்டியை இழுக்காமல் வைப்போம், எடுப்போம், அடுத்த இடத்தில் வைப்போம். தையல் ஓரங்கள் படிந்து கிடக்கும்.

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த நாள்களில், கட்டிலில் சாய்ந்தபடி அந்தக் கடைசி வரிசையைத் தைத்தாய். பிடிவாதமாக நீயே அயர்னும் போட்டாய். நான் வந்து பார்த்தபோது அது அலை அலையாக நெளிந்திருந்தது.

“தூக்க முடியல டீ, அதான் இழுத்துட்டேன்,” என்று சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

நீ எங்களை விட்டுப் போன பிறகு, அந்த வரிசையை உன் அம்மா கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “நாலு பேரு பாப்பாங்க. பிரிச்சுத் தைச்சிடும்மா,” என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் உன் தையலில் கத்தரியை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் இன்று காலை தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்து, எடுத்து, துணி ஆறும்வரை தொடாமல் காத்திருந்தேன். நெளிவு மெல்ல மெல்ல அடங்கியது. இழுபட்ட பருத்தி தன் இடத்துக்குத் திரும்பியதை நீ பார்த்திருக்க வேண்டும்! ஒரு மூலை மட்டும் சாய்ந்தே நின்றது. அதை அப்படியே போர்வையோடு இணைத்தேன். உன் அம்மா தடவிப் பார்த்தார். “இருக்கட்டும்,” என்றார்.

நாளைவரை பொறுக்காமல் உன் அக்கா மத்தியானமே குழந்தையை அதில் கிடத்திவிட்டார். அவன் கை துழாவி, சாய்ந்த அந்த மூலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவன் விரல்கள் தானாகத் திறக்கும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.